தலைப்பை வெட்டிய படம்

போன வாரம் கவிதா போன் செய்தார். நான் ஓய்வு பெற்று வந்த கட்டுப்பாட்டு அறைக்கு இப்போது அவர்தான் பொறுப்பு.

"சார், ஒரு சந்தேகம். வெளியார் பக்கத்துல நம்ம கிராஃபைப் போட்டா தலைப்பை வெட்டக் கூடாதுன்னு ரூல் ஷீட்டுல ஒரு வரி இருக்குது. இப்ப புது சாஃப்ட்வேர் வந்துட்டுது. தலைப்பு இல்லன்னா பக்கம் நீட்டா இருக்குதுன்னு எல்லாரும் கேக்கறாங்க. இந்த வரியை யாரு போட்டது, எதுக்குப் போட்டதுன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியல."

"போட்டது நசீமா மேடம். போட வச்சது நான்," என்றேன்.

போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்தேன். எழுத உட்கார்ந்தால் அந்த அறையின் ஏசி இரைச்சல் முதல் கொண்டு எல்லாம் திரும்பி வருகிறது.

எனக்கு ஏனாத்தூரைத் தாண்டி ஒரு சின்ன ஊர். நெல்லும் வேர்க்கடலையும் போடுகிற வீடு. பாலிடெக்னிக் முடித்ததும் டெலிபோன் கேபிள் ஜாயின்ட் போடும் ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தேன். சாலையோரக் குழிகளுக்குள் குந்தியபடி, நிறம் பார்த்துக் கம்பிகளை முறுக்கியதிலேயே என் இருபதுகள் போயின. டெலிபோன் கம்பிக்கு மவுசு குறைந்தபோது, சுற்றுவட்டார ஊர்களுக்கு இணைய இணைப்புக் கொடுக்கும் ஒரு நிறுவனம் என்னை எடுத்துக்கொண்டது. சென்னையில் ஒரு மாதப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றதெல்லாம் கை வைத்துக் கற்றதுதான்.

காஞ்சிபுரத்தில் மூன்றாவது மாடியில் இருந்தது எங்கள் கட்டுப்பாட்டு அறை. சுவரில் இரண்டு பெரிய திரைகள். ஒவ்வொரு ஊருக்கும் போகிற லைனில் எவ்வளவு தகவல் ஓடுகிறது என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரூட்டரைக் கேட்டு, அதைப் பச்சைக் கோடாக வரையும் ஒரு சர்வர். அந்தக் கோடுகளைப் பார்த்தே ஊருக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன். பிள்ளையார்பாளையத்துக் கோடு காலையில் தறிச் சத்தத்தோடு சேர்ந்தே எழும்பும். தறியில் இருப்பவர்கள் போனில் பாட்டு போட்டுக்கொள்வார்கள். சாப்பாட்டு நேரத்துக்குக் கோடு ஒரு பள்ளம் விழுந்து எழும். பரீட்சை முடிவு வரும் காலையில் எல்லா ஊர்க் கோடும் ஒரே நேரத்தில் நட்டுக்கொண்டு நிற்கும். கருட சேவைக்குக் கூட்டம் எந்தத் தெருவுக்கு வந்துவிட்டது என்பதைக்கூட நாங்கள் திரையில் பார்த்ததுண்டு. கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புகிறவர்களால் தெருத்தெருவாகக் கோடு ஏறிக்கொண்டே வரும். வேலைக்குப் போகிறோம் என்ற நினைப்பே வராத வருடங்கள் அவை.

நசீமா மேடம் ஆற்காட்டுக்காரர். என்னைவிட எட்டு வயது இளையவர். எனக்கு மேலதிகாரியாக வந்தார். முதல் சில வாரம் எனக்குள் கொஞ்சம் முறுக்கு இருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. "லைன் நல்லா இருக்குது மேடம்" என்று சொன்னால் அவர் ஏற்றுக்கொள்ள மாட்டார்.

"படிங்க சார்," என்பார்.

கிராஃபை வாய்விட்டுப் படிக்க வேண்டும். முதலில் தலைப்பு, எந்த ஊர், ரூட்டரில் அந்த லைன் செருகியிருக்கும் எந்த போர்ட். அடுத்து கீழே உள்ள நேரம். அடுத்து இடப்பக்க எண்கள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் கோட்டைப் பற்றிப் பேசலாம். அந்த எண்களில் ஒரு சூட்சுமம் உண்டு. கொஞ்சமாக ஓடினாலும் நிறைய ஓடினாலும் சர்வர் படத்தை ஒரே உயரத்துக்கு இழுத்து வரைந்துவிடும். சிறு மடையும் பெரிய ஏரியும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். எண்ணைப் படித்தால்தான் எது எதுவென்று தெரியும். ஐம்பதை நெருங்கும் ஆள் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மாதிரி படித்துக் காட்டுவதா என்று முதலில் கூச்சமாக இருந்தது. அவரும் என் முன்னால் நின்று அப்படித்தான் படிப்பார். ஒருநாள் அவர் படித்ததில் நான் பிழை கண்டுபிடித்தேன். "ஷுக்ரியா சார்," என்று நன்றி சொல்லிச் சிரித்தார். அன்றோடு என் முறுக்கு போய்விட்டது.

கிராமத்துச் சேவை மையங்கள் எங்கள் வாடிக்கையாளர்கள். சான்றிதழ், கல்லூரி விண்ணப்பம், பென்ஷன் பதிவு என்று ஜனங்கள் அங்கே வருவார்கள். அந்த மையங்களை மேற்பார்வை பார்க்கும் அலுவலகம் ஒருமுறை எங்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தது. எந்த ஊரில் நெட் இருக்கிறது, எந்த ஊரில் இல்லை என்று நாள் முழுக்கப் போன் வருகிறது. உங்கள் கிராஃபை எங்கள் இணையப் பக்கத்திலேயே காட்ட முடியுமா?

முடியும். அவர்கள் இணையப் பக்கத்தில் காலியாக ஒரு படச் சட்டம் இருக்கும். அதற்குள் எங்கள் சர்வரின் முகவரியும், எந்த கிராஃப் என்பதற்கு ஒரு நம்பரும் எழுதியிருக்கும். யார் அந்தப் பக்கத்தைத் திறந்தாலும் சட்டம் எங்களிடம் வந்து படத்தை வாங்கிப் போய்க் காட்டும். நான் அரை நாளில் செய்து முடித்தேன். மேடம் தன் கைப்பேசியில் அலுவலக வைஃபையை அணைத்துவிட்டு, வெளி ஆள் போல அந்தப் பக்கத்தைத் திறந்தார். முகவரியின் கடைசியில் இருந்த நம்பரை மாற்றி மாற்றித் தட்டினார். மூன்றாவது தட்டலில் சம்பந்தமே இல்லாத வேறொரு வாடிக்கையாளரின் கிராஃப் திறந்துகொண்டது.

"இது யாரு வீட்டு ஜன்னல் சார்?" என்றார்.

உடனே திரும்ப உட்கார்ந்தேன். பன்னிரண்டு ஊர் கிராஃபை மட்டும் பார்க்கலாம், எதையும் தொட முடியாது என்று தனியாக ஓர் அனுமதி உண்டாக்கினேன். மறுபடியும் அவர் எல்லா நம்பரையும் தட்டிப் பார்த்தார். எதுவும் திறக்கவில்லை என்ற பிறகே கையெழுத்துப் போட்டார். "தலைப்பு மட்டும் பத்திரம். வெளியில போற படத்துக்கு அதுதான் சாட்சி," என்று சொன்னதும் நினைவிருக்கிறது.

பக்கம் வந்த பிறகு போன் தொல்லை பாதியாகக் குறைந்தது. டீக்கடையில் யாரோ ஒருவர் அந்தப் பக்கத்தை இன்னொருவருக்குக் காட்டி, "பச்சை இருந்தா நெட்டு இருக்குதுன்னு அர்த்தம்பா," என்று விளக்கியதைக் காதில் கேட்டு, டீ இன்னும் ஒன்று வாங்கிக் குடித்தேன்.

மேடம் தம்பி கல்யாணத்துக்கு விடுப்பில் போயிருந்தபோது, அந்த இணையப் பக்கத்தை வடிவமைத்தவர் கூப்பிட்டார். "சார், தலைப்பு இங்கிலீஷ்ல நீட்டமா இருக்குது. போன்ல பாத்தா கோடே தெரிய மாட்டேங்குது. அதை வெட்டிடலாமா? மேல ஊர் பேரை நாங்களே தமிழ்ல அடிச்சுக்கறோம்."

பார்க்க அழகாகத்தான் இருந்தது. சரி என்றேன். மேடம் திரும்பி வந்ததும் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். சின்ன விஷயம்தானே என்று விட்டுவிட்டேன்.

அதற்குக் கொஞ்ச காலம் கழித்து ரூட்டரில் ஒரு கார்டு பழுதாகி, புதிய கார்டு மாற்றினோம். மாற்றியதும் சில போர்ட்டுகளின் நம்பர் ஓரிடம் தள்ளிப் போயிற்று. எங்கள் திரையில் தலைப்புகள் ரூட்டரிலிருந்தே வருவதால் அவையும் தாமாகவே மாறிக்கொண்டன. நான் திரையைப் பார்த்தேன், தலைப்பும் கோடும் பொருந்தி வந்தன. பதிவேட்டில் சரி என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போனேன். வெளிப் பக்கத்தை நான் திறந்து பார்க்கவில்லை.

ஆறு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை கோமதி வந்தார். திருப்புட்குழிச் சேவை மையத்தை நடத்துகிறவர். முப்பது வயதுக்கு மேல் இருக்கும். கையில் ஒரு கட்டு பிரிண்ட் எடுத்த காகிதம். எல்லாம் அந்த இணையப் பக்கத்தின் படங்கள், ஒவ்வொரு நாளைக்கும் ஒன்று.

"நெட்டு இல்லன்னு பொய் சொல்லி ஜனங்களத் திருப்பி அனுப்பறேன்னு எம்மேல கம்ப்ளெய்ண்ட் சார். தெனமும் பத்து மணிக்கு மேல எனக்கு நெட்டு நின்னுபூடுது. ஆபீஸ்ல இந்தப் படத்தக் காட்டறாங்க. நீ இல்லன்ற நேரத்துல பச்சையா மல மாதிரி இருக்குது பாருன்றாங்க. வியாழக்கிழமை விசாரணை. மையத்த வேற ஆளுக்குக் குடுக்கப் போறாங்க."

நான் அந்தக் காகிதங்களை வாங்கிப் பார்த்தேன். நல்ல, கனமான கோடு. என் வாயிலிருந்து வந்த வார்த்தை இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

"கிராஃப் பொய் சொல்லாதும்மா."

அவர் காகிதங்களை அடுக்கிக்கொண்டு கதவு வரை போனார். அங்கே நின்றார். திரும்பி வந்து ஒரு காகிதத்தை மட்டும் உருவி என் மேஜைமேல் வைத்தார்.

"இது போன வாரத் திங்கக்கிழமை சார். அன்னிக்கு நான் மையத்தத் தொறக்கவே இல்ல. நாத்தனாருக்கு வளைகாப்பு. மெயினையே ஆஃப் பண்ணிப் பூட்டிட்டுப் போயிட்டேன். அன்னிக்கும் பச்சையா இருக்குது. யாரு சார் உள்ள உக்காந்து நெட்டு பாத்தது? இத அங்க சொன்னா, சொல்லாம பூட்டினதுக்கே என்னத் தூக்கிடுவாங்க. அதான் உங்ககிட்ட மட்டும் சொல்றேன்."

காகிதத்தைப் பார்த்தேன். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு, மேடம் கேட்பது போல முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தேன். தலைப்பு இருக்க வேண்டிய இடத்தில் கையால் அடித்த 'திருப்புட்குழி'. இடப்பக்க எண்களை இரண்டு முறை படித்தேன். ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டரும் உள்ள மையம் அவ்வளவு இழுக்கவே இழுக்காது. வெளிப் பக்கத்துச் சட்டத்தில் எழுதியிருந்த அதே நம்பரை எங்கள் திரையில் திறந்தேன். தலைப்பில் ஏனாத்தூர்ப் பக்கத்துக் கல்லூரி நூலகம் என்று இருந்தது. நம்பர் ஓரிடம் தள்ளிப்போனதில், ஆறு வாரமாக ஒரு நூலகத்துப் பிள்ளைகளின் கோட்டைத் திருப்புட்குழி என்று ஊருக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தோம். இன்னும் இரண்டு மூன்று ஊர்ப் படங்களும் அப்படியே தள்ளி நின்றன. அந்த ஊர்களில் யார்மேலும் குற்றம் சொல்லாததால் யாரும் கவனிக்கவில்லை.

நம்பரைத் திருத்த ஒரு நிமிடம் போதும். திருத்திவிட்டால் எல்லாம் ஒழுங்காகத் தெரியும், யாரும் எதுவும் கேட்கப் போவதில்லை. மவுஸ்மேல் கை இருந்தது. அந்த ஒரு நிமிடம் அந்த எண்ணம் எனக்கு வந்தது. கோமதி எதிரே நின்றுகொண்டிருந்தார். எழுந்து மேடம் அறைக்குப் போனேன்.

அவர் காகிதத்தைப் பார்த்தவுடன் கேட்டது ஒன்றுதான். "தலைப்பு எங்க?"

"வெட்டிட்டோம் மேடம்."

"யாரு?"

"நான்தான். நீங்க லீவுல இருந்தப்ப. வந்ததும் சொல்லல."

அவர் காகிதத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. பிறகு, "எதையும் திருத்தாதீங்க. திருத்திட்டா அந்த அம்மா சொல்றதுக்கு ஆதாரம் இல்லாம பூடும்," என்றார். உள் திரையையும் வெளிப் பக்கத்தையும் கடிகாரம் தெரியும்படி அருகருகே வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். கார்டு மாற்றிய நாளின் பதிவேட்டுப் பக்கத்தை நகல் எடுத்தார். கல்லூரி நூலகரைக் கூப்பிட்டு, வியாழக்கிழமை காலை அரை மணி நேரம் அவர் லைனை நிறுத்தி ஒரு சோதனை செய்ய அனுமதி வாங்கினார்.

வியாழக்கிழமை விசாரணை அறையில் மேற்பார்வையாளர், கோமதி, நான். மேடம் கட்டுப்பாட்டு அறையிலேயே நின்றார். மேற்பார்வையாளரைத் தன் கம்ப்யூட்டரிலேயே அந்தப் பக்கத்தைத் திறக்கச் சொன்னேன். என் போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜையில் வைத்தேன்.

"திருப்புட்குழி லைனைப் பிடுங்கிட்டேன் சார்," என்று மேடம் குரல் வந்தது.

பத்து நிமிடம் காத்திருந்தோம். கோடு கீழே இறங்கவில்லை.

"லைனே இல்ல, கோடு மட்டும் எப்படிங்க இருக்குது?" என்றார் மேற்பார்வையாளர்.

"அதைத் திருப்பிப் போட்டுட்டு இப்ப நூலகத்து லைனைப் பிடுங்கறேன்," என்றார் மேடம்.

மறுபடியும் காத்திருப்பு. படம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மாறும். மேற்பார்வையாளர் ஃபைலில் கையெழுத்துப் போட ஆரம்பித்தார். கோமதி திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மின்விசிறிக் காற்றில் அவர் மடிமேல் இருந்த காகிதக் கட்டு படபடத்தது, அதை இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்திருந்தார். என் சர்வீஸில் எத்தனையோ கோடுகள் விழுவதைப் பதற்றத்தோடு பார்த்திருக்கிறேன். விழ வேண்டும் என்று வேண்டிக்கொண்டது அன்று ஒருநாள்தான்.

விழுந்தது. திருப்புட்குழி என்று பெயர் அடித்த சட்டத்துக்குள் பச்சை செங்குத்தாகக் கீழே இறங்கித் தரையோடு தரையாகப் போனது.

மேற்பார்வையாளர் பேனாவை மூடினார். "அப்ப இத்தன நாளா நான் யாரைப் பாத்துக்கினு இவங்களத் திட்டிக்கினு இருந்தேன்?"

"தப்பு என்னுது சார்," என்று எழுந்து நின்று சொன்னேன். எழுதி வைத்திருந்த விளக்கக் கடிதத்தைக் கொடுத்தேன். என் கையெழுத்துக்குக் கீழே, கேட்காமலே, மேடமும் கையெழுத்துப் போட்டிருந்தார்.

அவர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கோமதி பக்கம் திரும்பினார். "ஏம்மா, இது வேற ஊர்ப் படம்னு உங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

நான் ஏதோ சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். கோமதி முந்திக்கொண்டார். "போன வாரத் திங்கக்கிழமை நான் தொறக்கல சார். நாத்தனார் வளைகாப்பு. பூட்டி இருந்த மையத்துலயும் படம் ஓடுச்சு. அதுலதான் தெரிஞ்சுது."

மேற்பார்வையாளர் அவரையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மேஜைமேல் தள்ளினார்.

"அந்த ஒரு நாளுக்கு லீவ் லெட்டர் எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா."

விசாரணை அதோடு முடிந்தது. ஆனால் பத்து மணிக்கு நெட் நிற்பது நிற்கவில்லை. சரியான கிராஃபை எடுத்துப் பார்த்தபோது அது பளிச்சென்று தெரிந்தது. தினமும் பத்து மணிக்கு மேல் கோடு சரிந்து விழும். மதியம் வரை மெல்ல மெல்ல ஏறிப் பழைய உயரத்துக்கு வரும். கருவி பழுதானால் கோடு இப்படி ஏறாது, ஒரேயடியாகத்தான் வரும். போன அமாவாசையன்று மட்டும் விழவே இல்லை.

அமாவாசையன்று நெசவுக்காரர்களுக்கு விடுமுறை என்பதால் பிள்ளையார்பாளையம் நினைவு வந்தது. அங்கே ஒரு மொட்டை மாடியில் இருந்த ஆன்டெனாவிலிருந்துதான் திருப்புட்குழிக்கு இணைப்புப் போனது. மறுநாள் காலை மாடியேறினேன். பக்கத்து வீட்டுச் சாயப்பட்டறைக்காரர் எங்கள் ஆன்டெனாவுக்கு நேர் எதிரே புதிதாகக் கீற்றுப் பந்தல் போட்டிருந்தார். பத்து மணிக்குச் சாயம் சொட்டும் பட்டு நூலைக் கழி கழியாகக் கொண்டுவந்து தொங்கவிட்டார்கள். அரக்கும் மாம்பழ மஞ்சளுமாக ஈர நூல் சுவர். அந்த ஈரம்தான் சிக்னலைத் தடுத்தது. நூல் காயக் காய வழி திறந்தது. ஒரு பட்டு நூல் காய்கிற வேகத்தை நாங்கள் தினமும் கிராஃபாக வரைந்திருக்கிறோம்! மேடத்தைப் போனில் கூப்பிட்டுச் சொன்னபோது அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பை முதன்முதலாக அன்றுதான் கேட்டேன்.

"அமாவாசைக்கு நாங்க சாயம் போடறது இல்லீங்க," என்றார் பட்டறைக்காரர். பந்தலை நகர்த்தட்டுமா என்று அவரே கேட்டார். வேண்டாம் என்று சொல்லி, ஆன்டெனாவை ஒரு குழாய் உயரத்துக்குத் தூக்கிக் கட்டினோம்.

அடுத்த நாள் திருப்புட்குழிக்குப் போனேன். மையத்தில் ஆட்கள் வரிசையில் இருந்தார்கள். கோமதி என்னைப் பார்த்ததும், "உக்காருங்க சார், ரெண்டு பேரு இருக்காங்க, முடிச்சுட்டு வந்துடறேன்," என்றார். காத்திருந்தேன். வந்ததும், மனசில் பாடம் செய்துவைத்திருந்த மன்னிப்பைச் சொன்னேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். "எங்கிட்ட சொல்லிட்டீங்க சார். சரி. அந்தப் படத்தப் பாத்து என்னப் பொய்க்காரின்னு சொன்னாங்களே, அவங்ககிட்ட யாரு சொல்றது? பாலு ஊத்தறவங்கள்ல இருந்து எல்லாரும் போன்ல அதைத்தான பாத்தாங்க?"

திரும்பி வந்து மேடத்திடம் அப்படியே சொன்னேன். இருவருமாக உட்கார்ந்து எழுதினோம். எழுதி அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் இவ்வளவுதான் நின்றது: 'ஆறு வாரமாக இங்கே காட்டப்பட்டது திருப்புட்குழியின் கிராஃப் அல்ல. மைய நடத்துநர் சொன்னதே உண்மை. தவறு இணைப்பு நிறுவனத்துடையது.' அதே சட்டத்துக்குள், கிராஃபுக்கு மேலே, படத்தோடு சேர்ந்தே போகும்படி அதை வைத்தேன். யார் எந்த ஊரிலிருந்து பக்கத்தைத் திறந்தாலும் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.

"எத்தன நாளைக்கு வைக்கலாம் மேடம்?"

"தப்பு எத்தன நாள் இருந்துச்சோ அத்தன நாள்." கவிதா கேட்ட அந்த வரியை மேடம் ரூல் ஷீட்டில் சேர்த்ததும் அன்றுதான்.

சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து, நிறுவனத்தின் பேர் கெட்டுப்போகிறது, எடுத்துவிடுங்கள் என்று இரண்டு முறை கேட்டார்கள். மேடம் இரண்டு முறையும், "பாக்கலாம் சார்," என்று சொல்லி வைத்துவிட்டார். சென்னைக்கு மாற்றலோடு எனக்கு வரவிருந்த பதவி உயர்வு அந்த வருடம் வரவில்லை, பிறகும் வரவில்லை. ஓய்வு பெறும்வரை காஞ்சிபுரத்திலேயே இருந்தேன். அதற்காக நான் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. அந்த மூன்றாவது மாடியை விட்டுப் போக எனக்கு மனசும் இருந்திருக்காது.

ஆறு வாரம் முடிந்த அன்று காலை கோமதி போன் செய்தார்.

"இன்னியோட எடுத்துடுவீங்களா சார்?"

"ஆமாம்மா. இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா?"

"வேணாம் சார். ஊர்ல எல்லாரும் பாத்துட்டாங்க. கம்ப்ளெய்ண்ட் குடுத்த ரெண்டு பேரு மட்டும் போன்ல தெரியல, கண்ணு சரியில்லன்னுக்கினு இருந்தாங்க." அவர் குரலில் சிரிப்பு இருந்தது. "அவங்களுக்குப் பெரிய எழுத்துல பிரிண்ட் போட்டு, நானே வீட்டுக்குப் போய்க் குடுத்துட்டு வந்தேன்."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல சார். காபி குடுத்தாங்க."